விமானத்தில் துப்பாக்கி: களவு போகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது பற்றி

துப்பாக்கியை விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா என்று என்னிடம் கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் பலர் உண்டு. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்து, முன்கூட்டியே விமான நிறுவனத்துக்குத் தெரிவித்து, கவுன்டரில் அறிவித்து ஒப்படைத்தால் விடுவார்கள். ஆனால் ஒப்படைத்த துப்பாக்கி, போட்ட பூட்டு போட்டபடியே மறுமுனையில் நம் கைக்கு வந்து சேருமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ட்ராப் எனப்படும், காற்றில் வீசப்படும் தட்டைச் சுடும் போட்டிக்காகக் காரைக்குடியிலிருந்து வெளிமாநிலங்களுக்குத் துப்பாக்கியோடு போய்வருகிறவன் என்ற முறையில், இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐயா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. குழலின் அடியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துச் சோதனை முத்திரை இன்னும் தெளிவாகத் தெரியும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவதும், தேர்தல் முடிந்ததும் போய் எடுத்துவருவதும்தான் அதன் பயணம். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். இப்போது எங்கள் வட்டாரத்தில் துப்பாக்கியோடு பயணம் போகிறவர்கள் பெரும்பாலும் விளையாட்டுக்காரர்களே. பக்கத்துப் புதுக்கோட்டையின் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் சுட்ட பிறகு, இளம்பிள்ளைகள் சிலர் ஆர்வத்தோடு விசாரிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விமானம் பறந்துகொண்டிருக்கும் வரை பெட்டிக்கு ஆபத்து இல்லை, ஏனென்றால் சரக்குப் பகுதிக்குள் யாரும் போக முடியாது. பெட்டி கைமாறும் இடங்களில்தான் ஆபத்து இருக்கிறது. கவுன்டரில் கொடுத்த பின் பெட்டி ஏற்றப்படும் வரையிலான நேரம், இடையில் விமானம் மாறும் ஊரில் அது காத்துக் கிடக்கும் நேரம், இறங்கியபின் பெல்ட்டில் சுற்றிவரும் நேரம், கடைசியாக வீட்டுக்கு வரும் வழியில் கார் நின்றிருக்கும் நேரம் என்று இவை எல்லாமே சில நிமிடங்களில் முடிகிறவை. அந்தச் சில நிமிடங்களில் திருடனுக்கு வேலை முடியாதபடி செய்துவிட்டால் போதும். யாராலும் எந்நாளும் திறக்க முடியாத பெட்டி என்று ஒன்று கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று தேடிப் பணத்தைக் கொட்டுவதும் வீண்.

எங்கள் ஊர் வீடுகளின் அமைப்பை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். தலைவாசலுக்குப் பெரிய பூட்டு உண்டு என்றாலும், வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறை, தனிப் பூட்டு, தனிச் சாவி என்று வைத்திருப்பார்கள். தலைவாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவனும் அறைக்குள் நுழைய மறுபடி மெனக்கெட வேண்டும். துப்பாக்கிப் பெட்டிக்கும் அதே கணக்குத்தான்.

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஜிப் வைத்த துணி உறை, உள்ளே எவ்வளவு பஞ்சு வைத்துத் தைத்திருந்தாலும், பூட்டு என்ற கணக்கில் வராது. ஒரு பால்பாயின்ட் பேனாவின் முனையை ஜிப்பின் பற்களுக்கு நடுவே அழுத்தினால் அது பிளந்து வழிவிடும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டிய இழுப்பானை அப்படியே இப்புறமும் அப்புறமும் ஓட்டினால் பற்கள் மறுபடி கூடிக்கொள்ளும். பூட்டு பூட்டியபடியே இருப்பதால், வீட்டுக்கு வந்து திறக்கும் வரை எதுவும் தெரியாது. ஆகவே கெட்டியான ஓடு கொண்ட பெட்டிதான் வேண்டும். அதிலும் மலிவான பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒரு குறை உண்டு. நடுவில் ஒரே ஒரு பூட்டைப் போட்டுவிட்டு மூலையை இரண்டு கைகளாலும் நெம்பினால், மூடி வளைந்து நாலு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கும். ட்ராப் துப்பாக்கியின் குழல் மெல்லியது, பெரும்பாலும் முப்பது அங்குலத்தை ஒட்டிய நீளம் உடையது. அந்த இடைவெளி வழியாக அதைச் சாய்த்து உருவிவிடலாம்.

புதுப் பெட்டி வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்து பார்க்கச் சொல்கிறேன். ஒரு பூட்டு மட்டும் போட்டு மூலையை நெம்புங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பூட்டுத் துளைகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனைக்கும் பூட்டுப் போட வேண்டும் என்பதும், அந்தத் துளைகளுக்கு உலோகப் பட்டை பதித்திருக்க வேண்டும் என்பதும், கீலின் ஊசி வெளியிலிருந்து தட்டி எடுக்கும்படி இருக்கக் கூடாது என்பதும்தான் நான் பார்க்கிற விஷயங்கள். தண்ணீர் புகாது, தூசி புகாது என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

பூட்டு என்றதும் எங்கள் பக்கத்துக் கை திண்டுக்கல்லுக்குத்தான் நீளும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலைப் பூட்டின் மேல் எனக்கும் பற்று அதிகம். வீட்டு உள்ளறைக்கு இன்றும் மாங்காய்ப் பூட்டுத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் பெட்டித் துளைக்குள் அதன் வளையம் நுழையாது, நுழைந்தாலும் நீளமாகத் தொங்கும். நீளமாகத் தொங்குகிற வளையம் வெட்டுக்கருவிக்கு வாய் வைக்க இடம் கொடுக்கும். துளையை அடைத்துக்கொண்டு நிற்கும் குட்டையான, தடித்த வளையமும், அதை இரு தோள்களும் மறைத்துக்கொண்டிருக்கும் உடலும் உள்ள பூட்டுத்தான் இதற்குப் பொருத்தம். மூன்று எண் சுழற்றும் சின்னப் பூட்டுகள் ஓர் அலங்காரம், அவ்வளவே. ஆயிரம் சேர்க்கைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்க்க வேண்டியதுகூட இல்லை, பலவற்றில் விரலின் உணர்வே எண்ணைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சென்ற ஆண்டு முதல் போட்டிக்குக் கிளம்பிய தம்பி ஒருவன், "அண்ணே, விமானத்துக்குன்னே விக்கிற பூட்டு வாங்கியிருக்கேன், அது போதும்ல?" என்று கேட்டான். அவன் காட்டியது சிவப்புச் சின்னம் பொறித்த டி.எஸ்.ஏ. பூட்டு. அமெரிக்க விமான நிலையச் சோதனை அதிகாரிகள் பொதுச் சாவி கொண்டு திறந்து பார்க்க வசதியாகச் செய்யப்பட்ட வகை அது. அந்தப் பொதுச் சாவிகளின் படம் 2014-இல் ஓர் அமெரிக்க நாளிதழில் வெளியாயிற்று. மறு ஆண்டே அவற்றை முப்பரிமாண அச்சில் எடுக்கும் வரைபடங்கள் இணையத்தில் பரவின. துணிமணிப் பெட்டிக்கு அந்தப் பூட்டைப் போடுவதில் தவறில்லை. துப்பாக்கிக்கு அதைப் போடுவது, ஊரார் எல்லாருக்கும் மறுசாவி கொடுத்தபின் கதவைச் சாத்துவதாக முடியும். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் விதியே துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ பயணியிடம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்கிறது. திறந்து பார்க்க வேண்டுமென்றால் அதிகாரி பயணியைக் கூப்பிட்டுச் சாவியைக் கேட்க வேண்டும். அதனால்தான் அந்த நாட்டில் விலையுயர்ந்த கேமரா வைத்திருக்கும் சிலர், ஓட்டப் பந்தயம் தொடங்கச் சுடும் வெற்றுத் துப்பாக்கி ஒன்றைப் பெட்டியில் சேர்த்து வைத்து, துப்பாக்கி என்று அறிவித்து, தாங்கள் மட்டுமே திறக்கக்கூடிய கெட்டிப் பூட்டைப் போட்டுக்கொள்வார்கள். நம் நாட்டில் அந்தத் தந்திரத்தை யாரும் முயன்று பார்க்க வேண்டாம். லைசென்ஸ் எங்கே என்று கேட்பதிலேயே விமானம் போய்விடும்.

பெட்டிக்கு உள்ளேயும் ஒரு பூட்டு இருப்பது நல்லது. ட்ராப் துப்பாக்கியைக் குழல், அடிக்கட்டை, முன்கட்டை என்று மூன்றாகப் பிரித்துத்தான் வைப்போம். எஃகுக் கம்பி ஒன்றை விசைக் காப்பு வளையத்தின் வழியாக நுழைத்துப் பெட்டியின் உட்புற வளையத்தோடு பூட்டிவிட்டால், மூடியின் மூலையை நெம்பியவனுக்கும் விசையுள்ள அடிக்கட்டை கைக்கு வராது. சிலர் விசைத் தொகுதியையோ முன்கட்டையையோ வேறு பெட்டியில் வைத்துவிட்டால் திருடனுக்குப் பயன்படாதே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாகங்களும் சட்டப்படி ஆயுதத்தில் சேர்த்தி என்பதால் அவற்றைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. இன்னொரு பெட்டியில் பூட்டி, அதையும் அறிவித்து, அதையும் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவலை இரண்டாகும், அவ்வளவுதான்.

பூட்டைவிடவும் பெரிய காவல் வாயை மூடிக்கொண்டிருப்பது. துப்பாக்கி நிறுவனத்தின் பெயர், ரைபிள் கிளப்பின் சின்னம், போட்டியின் ஸ்டிக்கர் என்று பெட்டி முழுக்க ஒட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். வெற்றியின் அடையாளம் என்று அவர்கள் நினைப்பது, ஏற்றி இறக்குகிறவர்களின் கண்ணுக்கு உள்ளே இருப்பது என்னவென்ற விளம்பரம். அமெரிக்கச் சட்டம் இந்த இடத்தில் கச்சிதமாக இருக்கிறது: உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று காட்டும் எந்தச் சீட்டையும் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டும்படி விமான நிறுவனம் பயணியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பயணி கையெழுத்திட்ட அறிவிப்புச் சீட்டு பெட்டிக்குள்ளே போகும். நம் ஊரிலோ நிலைமை வேறு. ஒரு விமான நிலையத்தில், வரிசையில் என் பின்னால் முப்பது பேராவது நின்றிருக்க, கவுன்டரில் இருந்தவர் தூரத்தில் நின்ற சக ஊழியரைப் பார்த்து, "சார், இவர்கிட்ட கன் இருக்கு, செக்யூரிட்டியை வரச் சொல்லுங்க" என்று கூவினார். முப்பது தலைகளும் என் பெட்டியின் பக்கம் திரும்பின. அன்றிலிருந்து லைசென்ஸ் நகலின் மேல் "ஆயுத அறிவிப்பு" என்று எழுதிய தாளை வைத்து, கவுன்டரில் பேசாமல் நீட்டிவிடுகிறேன். அவர் படித்துவிட்டு மெல்லப் பேசுவார். பேசாவிட்டாலும் நாம் தொடங்கி வைத்ததாக இருக்காது.

கவுன்டரில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அசல் லைசென்ஸைப் பார்ப்பார்கள், அது போகிற மாநிலத்துக்கும் செல்லுமா என்று பார்ப்பார்கள், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொள்வார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இந்தச் சோதனைக்காகப் பெட்டியைத் திறக்கும்போது பொதுமக்கள் பார்வை படாத இடத்தில் வைத்துப் பார்க்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். மூடிய பிறகு பூட்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, எண் பொறித்த பிளாஸ்டிக் முத்திரை ஒன்றையும் மாட்டி, அந்த எண் தெரியும்படி அலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம். அந்த முத்திரையை யாரும் கையாலேயே பிய்த்துவிடலாம். ஆனால் பிய்த்ததை மறுபடி ஒட்ட முடியாது. யாரோ திறந்தார்கள் என்பது வீட்டுக்கு வந்தபின் தெரிவதற்கும் விமான நிலையத்திலேயே தெரிவதற்கும் உள்ள வேறுபாடு, வழக்கு நிற்பதற்கும் நிற்காமல் போவதற்கும் உள்ள வேறுபாடு.

எடையையும் கவனியுங்கள். கவுன்டர்த் தராசு காட்டும் எடை லக்கேஜ் சீட்டில் பதிவாகிறது. ட்ராப் துப்பாக்கி மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். இறங்கிய இடத்தில் சந்தேகம் வந்தால், பெட்டியைத் திறக்கும் முன் அங்கேயே ஒரு தராசில் வைத்து நிறுக்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் அது நம் வாய்ச்சொல்லாக இல்லாமல் அவர்கள் தராசின் சாட்சியாக இருக்கும். பெட்டியின் பஞ்சுக்கு அடியில் ஏர்டேக் போன்ற சிறு தடங்காட்டி ஒன்றையும் வைக்கலாம். அதிலிருக்கும் பட்டன் செல் விமான விதிகளுக்கு உட்பட்ட அளவுதான். அது திருட்டைத் தடுக்காது. பெட்டி நம்மோடு வந்திருக்கிறதா, முந்தைய ஊரிலேயே நின்றுவிட்டதா என்பதைப் பெல்ட்டின் முன் நிற்கும்போதே சொல்லிவிடும்.

தோட்டாக்களைப் பொறுத்தவரை, சர்வதேச விதிப்படி ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு 5 கிலோவுக்கு மேல் கொண்டுபோக முடியாது, இருவர் பங்கை ஒரே பெட்டியில் சேர்க்கவும் கூடாது. விமான நிறுவனங்கள் இன்னும் குறைவாகவும் வைத்துக்கொள்ளலாம். ட்ராப் தோட்டா ஒன்று ஏறத்தாழ 40 கிராம். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள், தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம் என்னும்போது, 5 கிலோ பாதிப் போட்டிக்குத்தான் வரும். ஆகவே போகிற இடத்திலேயே தோட்டா வாங்கிக்கொள்வது நல்லது. களவு போனால் துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே ஆளின் கையில் சேராது என்பது இதிலுள்ள கூடுதல் நன்மை. இதோடு ஒன்று சொல்ல வேண்டும்: சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையையும் விமானத்துக்குக் கொண்டுபோகும் பையையும் ஒன்றாக வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டுப் பையில் தங்கிப்போன ஒரே ஒரு தோட்டா, எக்ஸ்ரே திரையில் தெரிந்துவிட்டால் அன்றைய பயணம் காவல் நிலையத்தில் முடியும். தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல பெட்டி நாலு வாங்கலாம்.

ஏர் ரைபிள் சுடும் பிள்ளைகளுக்கு இந்த லைசென்ஸ் தொல்லை இல்லை. அவர்கள் காற்று உருளையை முழுக்கக் காலிசெய்துவிட்டு, பெட்டி விஷயத்தில் மேலே சொன்னதையே பின்பற்றினால் போதும்.

விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் இடைமாற்றம் குறைந்த வழியைப் பாருங்கள். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம். சென்னையில் இறங்கி ஐந்தாறு மணி நேரம் பெட்டி எங்கோ ஒரு கிடங்கில் கிடப்பதைவிட, பல்லவன் ரயிலில் சென்னை போய் அங்கிருந்து நேராக டெல்லிக்குப் பறப்பதையே நான் விரும்புவேன். ரயிலிலாவது இருக்கைக்குக் கீழே சங்கிலி போட்டுக் கட்டி, காலடியில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணமென்றால் விமானம் மாறும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நம்மவர்களுக்குப் பழக்கமான சிங்கப்பூர் வழி, துப்பாக்கியோடு போகிறவருக்கு எளிதான வழி அல்ல.

இறங்கும் இடத்தில் பல விமான நிலையங்களில் ஊழியர் ஒருவர் துப்பாக்கிப் பெட்டியைத் தனியே கொண்டுவந்து, லைசென்ஸைப் பார்த்துக் கையில் கொடுப்பார். எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. எனவே கிளம்பும் கவுன்டரிலேயே, பெட்டி பெல்ட்டில் வருமா கையில் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு, இறங்கியதும் கழிப்பறைக்கும் காபிக்கும் போகாமல் நேரே அங்கே போய் நிற்க வேண்டும். பெட்டி வந்தவுடன் பூட்டு, முத்திரை எண், மூலைகள், கீல் எல்லாவற்றையும் பாருங்கள். வெளியே வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது உதவாது.

வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். அமெரிக்காவில் களவு போகும் துப்பாக்கிகளில் கணிசமானவை நிறுத்தி வைத்த கார்களிலிருந்து போகின்றன என்று அந்நாட்டுக் காவல்துறைப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை வழியாக வரும்போது சாப்பிட நிறுத்துகிறோம். டிக்கியில் பெட்டி இருக்கிறது, டிரைவரும் சாப்பிடத்தான் வருகிறார். நான் இரண்டு வழிகளில் ஒன்றைச் செய்வேன்: முறைபோட்டுக்கொண்டு சாப்பிடுவோம், அல்லது வீட்டுக்கு வந்தே சாப்பிடுவோம். பசி பொறுக்காத பங்காளிகள் இதற்காக என்னைக் கேலி செய்வதுண்டு.

இத்தனைக்குப் பிறகும் போய்விட்டது என்றால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். முதலில் விமான நிறுவனத்திடம் லக்கேஜ் குறைபாட்டு அறிக்கையை எழுதிக் கொடுத்து நகல் வாங்குங்கள். அடுத்து அங்கிருக்கும் காவல் நிலையத்தில் புகார். எங்கே திருடு போனது, சென்னையிலா டெல்லியிலா, எங்கள் எல்லைக்குள் வராதே என்று தட்டிக்கழிக்கப் பார்த்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவுசெய்ய அது வழிசெய்கிறது. துப்பாக்கி காணாமல் போனால் தாமதமின்றிக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது லைசென்ஸின் நிபந்தனை என்பதால், இது நம் பொருளைத் தேடுவதற்கு மட்டுமல்ல, நாளை அந்தத் துப்பாக்கியால் யாராவது எதையாவது செய்தால் நம் தலை உருளாமல் இருப்பதற்கும்தான். குழல், விசைப்பகுதி, முன்கட்டை என மூன்றிலும் பொறித்த எண்களின் படம், பழைய துப்பாக்கியென்றால் முத்திரைகளின் படம், லைசென்ஸில் உள்ள தனி அடையாள எண் இவை அலைபேசியிலும் வேண்டும், வீட்டில் காகிதமாகவும் வேண்டும். அலைபேசியும் சேர்ந்து தொலைந்துபோன கதைகளும் உண்டு.

ஊர் திரும்பியதும் அந்தப் புகாரின் நகலோடு லைசென்ஸ் வழங்கிய மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிவிடுங்கள். இழப்பீட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை வைத்திருக்கும் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். பல லட்சம் விலையுள்ள போட்டித் துப்பாக்கிக்கு அது போதாது. கூடுதல் மதிப்பை ஒப்படைக்கும்போதே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டினால் அந்த வரம்பு உயரும். இல்லையேல் தனியாகக் காப்பீடு எடுத்து, விமானப் பயணத்தில் ஏற்படும் களவும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐயா விட்டுப்போன துப்பாக்கிக்கு எந்தக் காப்பீடும் ஈடாகாது என்பதால், அதை நான் விமானத்தில் ஏற்றுவதே இல்லை.